கவிழ்த்துப் பார்த்த விளக்கு

(பாலக்காட்டுச் சித்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். படம் காட்டிப் பேசிய பகுதிகளும் நன்றியுரையும் அச்சுக்காகக் குறைக்கப்பட்டுள்ளன.)



மூணாறிலிருந்தும் மறையூரிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு முதலில் நன்றி. விடிவதற்குமுன் கிளம்பி, சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக வந்து சேர்ந்ததாகச் சொன்னார்கள். கேரளத்தின் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு வரத் தமிழ்நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. கொங்குப் படையை விரட்டியதைக் கொண்டாடும் கொங்கன்படைத் திருவிழா நடக்கிற ஊர் இது. இங்கே ஒரு கொங்குக்காரனைக் கூப்பிட்டு, மாலை போட்டு, ஒரு மணி நேரம் பேசவும் விட்டிருக்கிறீர்கள். எல்லைப்புறத்துக்காரர்களின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்திருக்கிறேன். ஒன்று மெழுகுவத்தித் தாங்கி. வெண்கலம், ஒரு சாண் உயரம் இருக்கும். ஹெல்சிங்கியில் வேலைபார்க்கும் என் பழைய மாணவர் அங்கே பழம்பொருள் கடையில் வாங்கி வந்து கொடுத்தது. இன்னொன்று இந்தப் பக்கத்து ஓட்டு விளக்கு. தமிழ்நாட்டில் ஓடு என்றால் கூரைமேல் இருப்பது. உங்களுக்கு அது விளக்கும் உருளியும். வெண்கலத்தை இப்படி இரண்டே எழுத்தில் ஓடு என்று சொல்லிவிடுகிற மலையாளத்தின்மேல் எனக்குப் பொறாமை உண்டு. இந்த இரண்டாவது விளக்கு எப்படி என் கைக்கு வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாணவர் தாங்கியைக் கையில் கொடுத்ததும் நான் அதன் கழுத்தையும் வளைவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையில்லாமல், "சார், கவிழ்த்துப் பாருங்க" என்றார். கவிழ்த்தேன். அடியில் "தைத்தோ" என்று ரோமன் எழுத்தில் ஒரு முத்திரை, பக்கத்தில் ஓர் எண். இன்றைய பேச்சு அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. நான் சொல்ல வந்ததும் ஒன்றுதான்: ஒரு விளக்கில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதற்கும், அதைச் செய்தவனின் பணிவுக்கோ அகந்தைக்கோ தொடர்பில்லை. அந்த விளக்கு எந்த வழியாக விலைக்குப் போகிறது என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது.

1. இரண்டும் விளக்கு என்றாலும் ஒரே வேலை செய்யவில்லை

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். எண்ணெய் விளக்கு அடிப்படையில் ஒரு பாத்திரம். நீர்மப் பொருளை ஏந்துவதால் தட்டு மட்டமாக இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு திரி மூழ்கும், எதிர்த் திரி கருகும். திரியின் நுனியிலிருந்து எண்ணெய் கசிந்து தண்டில் இறங்குவதால், அடித்தட்டு அகலமாகவும் விளிம்பு உயர்ந்தும் இருக்கும். மேலே எண்ணெய் நிரம்பியதும் தலைகனத்துவிடும். அதற்கு ஈடாக அடி கனக்க வேண்டும். நிலவிளக்கின் அழகு என்று நாம் சொல்வதில் பாதி, இந்தக் கணக்கை யாரோ தலைமுறை தலைமுறையாகச் சரிபார்த்து வந்ததன் விளைவு. எண்ணெய் ஊற்ற ஊற்றச் சுடர் அதே உயரத்தில் நிற்கும். அணைவதும் அணையாததும் ஊற்றுகிற கையைப் பொறுத்தது.

மெழுகுவத்தித் தாங்கி பாத்திரம் அல்ல, பிடி. திடப்பொருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டால் போதும். மேலே ஒரு குழி, அதைச் சுற்றி வழியும் மெழுகை வாங்கிக்கொள்ள ஒரு சிறு தட்டு, கீழே பாதம். சுடர் நேரம் போகப்போகக் கீழே இறங்கி வரும். எரிபொருள்தான் உடம்பு, எரிந்து முடிந்ததும் தாங்கி மட்டும் வெறுமையாக நிற்கும். ஆகவே தாங்கி, பகலில் சும்மா நிற்கும்போதும் பார்க்கத் தகுந்ததாக இருக்க வேண்டியிருக்கிறது.

இடுக்கி எஸ்டேட் லயங்களில் வளர்ந்தவர்களுக்குத் தாங்கியே தேவைப்படவில்லை. கரண்ட் போனால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, மெழுகை இரண்டு சொட்டு விட்டு, அதன்மேல் வத்தியை அழுத்தி வைத்தால் முடிந்தது. மறுநாள் காலையில் அந்த டம்ளரை வெந்நீரில் போட்டுச் சுரண்டும் வேலை எப்போதும் வீட்டிலேயே சின்னவருக்கு. சிரிக்கிறீர்கள், சின்னவர்கள் யாரென்று தெரிகிறது.

2. தைத்தோ என்ற சொல்

பின்லாந்து 1917 டிசம்பர் 6இல் விடுதலை அறிவித்தது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர். அதே 1918இல் ஹெல்சிங்கியில் சில கலைஞர்களும் தொழில்காரர்களும் சேர்ந்து ஓர் உலோகப் பட்டறை தொடங்கினார்கள். அதன் பெயர் தைத்தோ. பின்னிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கைத்திறன், வித்தை என்று பொருள்.

தொடங்கியவர்களில் ஒருவர் பாவோ டூனெல் (1890-1973). தகரத் தொழிலாளியாகக் கையில் கத்திரியோடு வாழ்க்கையைத் தொடங்கியவர். பிற்காலத்தில், ஊசித்துளைகள் இட்ட பித்தளைத் தகட்டின் வழியே வெளிச்சம் கசியும் விளக்குகளுக்குப் பெயர் பெற்றார். கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோவின் கட்டடங்களுக்கு விளக்குகள் செய்தது இவருடைய பட்டறைதான். நியூயார்க்கில் ஐ.நா. தலைமைச் செயலர் அலுவலகத்துக்கும் இவருடைய விளக்குகள் போயின. இன்று அவை ஏலத்தில் எடுபடுகிற விலையைக் கேட்டால் உங்களுக்குத் தலைசுற்றும். மெழுகுவத்தித் தாங்கி அவர் செய்தவற்றில் எளிய சரக்கு. ஆனாலும் குளிர்காலத்தில் பகல் 6 மணி நேரம்கூட இல்லாத ஊர் அது. விடுதலை நாளன்று மாலை 6 மணிக்கு வீட்டுக்கு வீடு சன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவைக்கிறவர்கள். அங்கே தாங்கி அலங்காரப் பொருள் மட்டுமல்ல.

தைத்தோவைத் தொடங்கியவர்களில் இன்னொருவர் எமில் விக்ஸ்ட்ரோம் என்ற சிற்பி. ஹெல்சிங்கி ரயில் நிலையத்தின் வாசலில் இரண்டு பக்கமும் கருங்கல்லில் நான்கு பெரிய ஆண்கள், கையில் உருண்டை விளக்கை ஏந்தி நிற்கிறார்கள். அவர் செய்தவை. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு நம் பாவை விளக்குதான் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் விளக்கேந்துவது பெண்; அங்கே மீசையில்லாத முரட்டு ஆண்.

முத்திரைக்கு வருகிறேன். அடியில் இருப்பது டூனெலின் பெயர் அல்ல, பட்டறையின் பெயர். பக்கத்தில் உள்ள எண்ணைப் பட்டறையின் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் இது இன்னார் வரைந்தது என்கிறார்கள். அதாவது, பேர்போன அந்த வடிவமைப்பாளர்கூட ஒரு எண்ணுக்குப் பின்னால்தான் நிற்கிறார். இந்தக் குறிப்பிட்ட தாங்கியை வார்த்து, அரம் போட்டு, மெருகேற்றியவர் யார் என்று அந்த எண் சொல்லாது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டில் செய்தவன் பெயர் போட்டுக்கொள்கிறான், நம் ஊரில் போடுவதில்லை என்று நேராக இரண்டாகப் பிரித்துவிட முடியாது.

3. நம் விளக்குகளில் பெயர் இல்லாமல் இல்லை

நம் விளக்குகளில் பெயர் நிறையவே இருக்கிறது. செய்தவன் பெயர்தான் இல்லை.

நீங்கள் என்னை அழைத்திருப்பது அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு. நம்மிடம் எழுத்தில் கிடைக்கும் பழைய அறக்கட்டளைகளில் பெரும்பங்கு விளக்குக்காக ஏற்பட்டவை. நந்தா விளக்கு எரிக்கக் கொடுத்த கொடைகள் சோழர் கல்வெட்டுகளில் பக்கம் பக்கமாக வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆட்டுக்குப் பதில் பசு என்றால் 48, எருமை என்றால் 16. இடையர்கள் அவற்றை வாங்கிக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்களுடையது. ஆகவே அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு! வங்கியில் வைப்புநிதி போட்டு வட்டியில் இந்தக் கூட்டத்தை நடத்துகிறீர்களே, அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உருவம் அதுதான்.

அந்தக் கல்வெட்டுகளில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் பெயர் இருக்கிறது. நெல் அளக்கும் மரக்காலுக்குக்கூட ஆடவல்லான் என்று பெயர் இருக்கிறது. அளவுகருவிக்குப் பெயருண்டு, விளக்கை வார்த்தவருக்கு இல்லை. எழுதத் தெரியாமலோ மனமில்லாமலோ விட்டதல்ல இது. அதே கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பெயர் பெயராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று தச்சன் பெயரும் அங்கே இருக்கிறது. ஆக, பெயர் பொறிப்பதில் தயக்கம் இல்லை. கோயில் கணக்கில் யாருக்குப் பங்கு தொடர்ந்து போகிறதோ, யார் நாளை பொறுப்புச் சொல்ல வேண்டுமோ, அவர் பெயர் வேண்டும். வார்த்துக் கொடுத்துக் கூலி வாங்கிப் போனவனிடம் மேற்கொண்டு கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இங்கே பக்கத்தில் கல்பாத்திக்கு வாருங்கள். 1425 வாக்கில் லட்சுமியம்மாள் என்ற கைம்பெண் 1320 பொற்காசுகளை அரசரிடம் ஒப்படைத்து விசுவநாதசுவாமி கோயிலை எழுப்ப வைத்தார் என்பது அந்த ஊரின் நினைவு. கொடுத்தவர் பெயர் ஆறு நூற்றாண்டாக நிற்கிறது, காசின் எண்ணிக்கையோடு.

இதே வழக்கத்தின் கடைசிப் படி நம் எல்லாருக்கும் தெரிந்த டியூப்லைட். கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்து, உபயம் இன்னார், இன்ன மில் உரிமையாளர், குடும்பத்தார் என்று கண்ணாடிமேல் பெயிண்டில் எழுதி, வெளிச்சத்தில் பாதியைப் பெயரே மறைத்துவிடும். எழுத்தின் நிழல் சாமிமேல் விழுந்த கோயில் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

வீட்டு விளக்குக்கும் இதே கதைதான். சீருக்கு வாங்கும்போது பாத்திரக்கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு ஒருவர் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். புள்ளி புள்ளியாகத் தட்டித் தட்டி, பெண்ணின் தகப்பனார் இனிஷியலோடு பெயர், தேதி. ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பெயர் வெட்டுகிறவரின் பெயர் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னும் பின்னால் போனால், நக்கீரரின் நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனையில் பாவை விளக்கு எரிகிறது. அகலைக் கையில் ஏந்திய அந்தப் பாவையைச் செய்தவர்கள் யவனர்கள் என்கிறது பாட்டு. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் இறங்கிய யவனச் சரக்கும் காசும் கிழக்கே கொங்குக்குப் போன வழி, இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கணவாய். 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான வாசலை மலையே திறந்து வைத்திருக்கிறது. அரண்மனைக்கு எந்தப் பாவை எந்த வழியாகப் போனதோ, அது வேறு விஷயம். என் கவனம் யவனர் என்ற அந்த அடைமொழியில். ஆளின் பெயருக்குப் பதிலாக இனத்தின் பெயர். இன்று நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் ஆறன்முளைக் கண்ணாடிக்கும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். சட்டத்தின் துணையோடு செய்கிற அதே காரியம்தான்; ஆளின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயர்.

4. துறவு என்ற விளக்கம் போதாது

செய்தவன் பெயர் இல்லாததற்கு ஒரு புகழ்பெற்ற விளக்கம் உண்டு. ஆனந்த குமாரசுவாமி தந்தது. கொழும்பில் பிறந்த தமிழர் மகன். இந்தியக் கைவினைஞனைப் பற்றி 1909இல் ஒரு நூலே எழுதினார். நம் கைவினைஞன் தன்னை அழித்துக்கொண்டு மரபைப் பேசவிட்டான், பெயர் போடாதது அவனுடைய ஆன்மிக உயர்வு என்ற பார்வை அவர் வழியாக நமக்கு வந்தது. படிக்க நன்றாக இருக்கும். அதை எழுதியவர் தம் நூலின் அட்டையில் பெயர் போட்டுக்கொண்டார் என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துவைக்கிறேன். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பட்டறைக்குள் போனவர்களுக்கு இந்த விளக்கம் ஒட்டாது.

வேலையைப் பார்த்தால் புரியும். தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து இளக்கி, விளக்கின் ஒவ்வோர் உறுப்பையும் முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண்ணை மெல்லிதாகப் பூசி, உலர்த்தி, மறுபடி கனமாகப் பூசி, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகு விட்டுப்போன இடத்தில் உருகிய ஓடு இறங்கும். பிறகு மண்ணை உடைத்தால் விளக்கு. பின்லாந்துத் தாங்கியில் வெண்கலத்தின் மேல் மெழுகு உருகுகிறது. இங்கே வெண்கலத்துக்கு முன்னால் உருகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அச்சு உடைந்துபோவதால், அடுத்த விளக்கு மறுபடி மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். எண் போட இதில் என்ன இருக்கிறது? இரண்டாவது பிரதியே கிடையாது.

எண் எப்போது வருகிறது? ஒருவர் காகிதத்தில் வரைந்து, அதை இன்னொருவர் ஐம்பது முறை வார்த்து, மூன்றாமவர் பட்டியலைப் பார்த்துத் தபாலில் கேட்டு வாங்கும்போது. வரைகிற கையும் வார்க்கிற கையும் பிரிந்த பிறகே வடிவமைப்பாளர் என்ற ஆள் பிறக்கிறார். டூனெல் இரண்டு கையும் உடையவர். ஆனாலும் சந்தைக்கு வேண்டியது அவருடைய வரைகிற கைதான். ஓடு வார்க்கும் நம் மூசாரியிடம் வருகிறவர் என்ன சொல்கிறார்? இத்தனை அடி உயரம், ஐந்து திரி, போன வருஷம் பக்கத்து வீட்டுக்குச் செய்தீர்களே அது மாதிரி. கோயில்களில் எரியும் விளக்கானாலும் சரி, மேலே சிலுவை வைத்த தேவாலய நிலவிளக்கானாலும் சரி, கேட்பது அப்படித்தான். வரைபடம் வாடிக்கையாளர் தலையிலும் ஆசாரி விரலிலும் பாதிப்பாதி இருக்கிறது.

பெயர் இல்லை என்பதால் அறிவு இல்லை என்று ஆகிவிடாது. ஓட்டில் ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் இவ்வளவு கூடினால் ஆறிய நிலையில் கண்ணாடிபோல் உடையும், சுத்தியலே தாங்காது. ஆனால் ஏறக்குறைய 586 முதல் 798 டிகிரி செல்சியஸ் வரையிலான இடைவெளியில் அது வளைந்து கொடுக்கும். அந்தச் சூட்டில் அடித்து, சட்டென்று நீரில் தோய்த்தால், பொன்னிறமும் மணியோசையும் தங்கும். இப்படி அடித்துப் பாத்திரம் செய்யும் கேரளக் கைவினைஞர்களை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் பதிவு செய்தார். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழைய கிண்ணங்களிலும் இதே உத்தி தென்பட்டது. வெப்பமானி இல்லாமல், கனலின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே அந்த இடைவெளியைப் பிடித்தார்கள். தைத்தோ என்றால் இதுதான்.

இந்த மாவட்டத்தில், நிளை ஆற்றங்கரையில், பெருந்தச்சன் கதை தெரியாத வீடில்லை. மகனின் திறமை மிஞ்சிப்போனதும் அப்பனின் உளி கைநழுவிய கதை. கவனித்தீர்களா, அவருக்கும் பெயர் கிடையாது. பெருந்தச்சன் என்பது தொழிலில் அவருக்கிருந்த இடம்.

5. தராசு

என் பாட்டி வீட்டில் ஒரு குத்துவிளக்கு இருந்தது. இடுப்பளவு உயரம். அன்னத்தின் அலகு சற்று இடப்பக்கம் திரும்பியிருக்கும். சின்ன வயதில் அது என்னைத்தான் பார்க்கிறது என்று நினைப்பேன். தண்டில் ஓரிடத்தில் மரை தேய்ந்து ஆடும். அதில் துணி சுற்றி இறுக்கியிருப்பார் பாட்டி. அவர் காலமான பிறகு வீட்டைப் பிரித்தார்கள். ஒரு கடையில் விளக்கைத் தராசில் வைத்து, கிலோ இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று கழித்து, அதற்கு ஈடாக இரண்டு எவர்சில்வர் டிரம்மும் ஓர் இட்லிக் குண்டானும் கொடுத்தார்கள். அடியில் வெட்டியிருந்த கொள்ளுத்தாத்தா பெயரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்னத்தின் அலகுக்கும் தனியாக விலை இல்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை, எடை சரியாகவே இருந்தது.

நான் சொல்லவரும் இரண்டு செய்கைகள் இவை. ஹெல்சிங்கிக் கடையில் பொருளைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். முத்திரை இருந்தால் எடையை யாரும் கேட்பதில்லை. நம் கடையில் எடுத்ததும் தராசில் வைக்கிறார்கள். நம் வீடுகளில் விளக்கைக் கவிழ்ப்பதே ஆகாத காரியம். எண்ணெய் கொட்டும், சகுனமும் சரியில்லை. எடைக்கு விற்கும் பொருளில் வார்த்தவன் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? உருக்கும்போது அதுவும் சேர்ந்தே உருகும். செய்தவனுக்கு முத்திரை வெட்டிக்கொள்ளக் காரணமே இல்லை. கூலியும் பல இடங்களில் கிலோ கணக்குத்தான். அப்படியிருக்கையில் மெல்லிதாக, நயமாக வார்ப்பவனுக்கு நட்டம். தடியாக வார்ப்பவனுக்கு லாபம். நம் புது விளக்குகள் ஏன் இப்படிக் கனக்கின்றன என்று வியப்பவர்கள் அடுத்த முறை பில்லைப் பாருங்கள்.

6. இந்த இரண்டாவது விளக்கு

இப்போது வாக்குக் கொடுத்த கதை. இந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொண்ட பிறகு, நீங்கள் சொன்ன வழியில் ஒரு மூசாரிப் பட்டறைக்குப் போனேன். பெரியவருக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். மேசையில் வைக்கிற அளவில் ஒரு விளக்கு கேட்டேன். முன்பணம் கொடுக்கும்போது, "அடியில பேரு வெட்டித் தரணும்" என்றேன். தலையாட்டினார். யார் பெயர் என்று நான் விளக்கிச் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாணவர் கொடுத்த தாங்கியைக் கவிழ்த்து முத்திரையைக் காட்டினேன். வாங்கி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். "ஈயம் கம்மி" என்றார். முத்திரையை அவர் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனபோது விளக்கு தயாராக இருந்தது. தராசில் வைத்தார். கணக்குப் போட்டு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். நான் ஆவலாகக் கவிழ்த்தேன். புள்ளி புள்ளியாக அழகாக வெட்டியிருந்தது: என் பெயர், இனிஷியலோடு, தேதியோடு.

"நான் கேட்டது உங்க பேரு" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். "காசு கொடுத்தது சார்தானே?" என்றார்.

வேண்டியவர்கள் பிறகு மேடைக்கு வந்து விளக்கைக் கவிழ்த்துப் பார்க்கலாம். எண்ணெயைக் காலையிலேயே இறுத்துவிட்டேன்.